காலி இடத்தின் ரீடிங்

போன மாதம் ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்க, நான் ஆயுளில் பாதியைக் கழித்த ராஜபாளையம் நூற்பாலைக்குப் போயிருந்தேன். கையெழுத்துப் போட வேண்டியவர் மீட்டிங்கில் இருந்தார். மீட்டிங் இல்லாத நேரத்தில் அவர் லீவில் இருப்பாராம். காத்திருந்த நேரத்தில் டெஸ்டிங் லேபை எட்டிப் பார்த்தேன். நான் விட்டுப்போன கருவிகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. நூலின் தடிப்பு மெலிவு பார்க்கும் டெஸ்டர் இப்போது பீரோ அளவுக்கு இருக்கிறது. பாபின்களை மாட்டிவிட்டால் தானே நூலை எடுக்கிறது, தானே ஓட்டுகிறது, தானே அறிக்கையும் அச்சிடுகிறது.

லேப் பொறுப்பில் இருக்கும் அதிகாரி மரியாதை தெரிந்தவர். நாற்காலி போட்டார்.

"சார், நீங்க இருந்தப்ப டெஸ்டர்ல ஜீரோவைக் கையாலதான் வைக்கணுமாமே?"

"கையாலதான். ஷிப்டுக்கு ரெண்டு தடவை."

"இதுல அந்தத் தொல்லையே இல்ல சார். அதுவே பாத்துக்கிடும். நீங்க எப்படி வச்சீங்கன்னு ஒரு பக்கம் எழுதித் தாங்களேன். புதுசா வாரவங்களுக்கு வகுப்புல வாசிச்சுக் காட்டுதேன்."

ஒரு பக்கம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஜீரோ வைப்பதைப் பற்றி எழுதத் தொடங்கினால், அதில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. அந்தப் பிழை நூலைப் பற்றியதும் அல்ல. வகுப்புக்கு இது ஆகாது. எழுதியாகிவிட்டது, இருக்கட்டும்.

மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தேன். வாத்தியார் வேலைக்கு அலைந்து, கிடைக்காமல், எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த மில்லில் லேப் உதவியாளராகச் சேர்ந்தேன். குவாண்டம் இயங்கியல் படித்தவனை நூற்றிருபது கஜம் நூலைச் சுற்றி எடை போடச் சொன்னார்கள். முதல் ஆறு மாதம் அதையே செய்தேன். அதற்குப் பிறகுதான் டெஸ்டரைத் தொட விட்டார்கள்.

அந்த டெஸ்டரில் இரண்டு உலோகத் தகடுகளும் நடுவே மெல்லிய ஓர் இடைவெளியும் இருக்கும். நூல் அந்த இடைவெளி வழியாக ஓடும். நூல் தடித்தால் தகடுகளின் மின்தேக்குத் திறன் கூடும், மெலிந்தால் குறையும். அதற்கேற்ப முள் ஆட, ஒரு பேனா அந்த ஆட்டத்தைத் தாளில் வரைந்துகொண்டே போகும். ஓட்டுவதற்கு முன் சாம்பிளை லேப் காற்றில் ஒரு நாள் பழக விட வேண்டும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபத்தைந்தில் நிற்க வேண்டும். செண்பகத்தோப்புப் பக்கம் மலையில் மழை பிடித்துக்கொண்டால் அது நிற்காது. கதவைச் சாத்திவிட்டுக் காத்திருப்போம். எல்லாம் சரியானதும் ஜீரோ. இடைவெளியில் நூல் இல்லாதபோது முள் சுழியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் குமிழைத் திருகி நிற்க வைக்க வேண்டும். காலி இடத்துக்கு ரீடிங் கிடையாது. மற்ற விதிகளுக்கெல்லாம் விலக்கு உண்டு, இதற்கு மட்டும் கிடையாது.

எங்களுக்கு மேலே இருந்தவர் ஸ்பின்னிங் மாஸ்டர். வீட்டில் தெலுங்கு, மில்லில் தமிழ், சரக்கு வாங்குகிறவர்களிடம் இங்கிலீஷ், மூன்றிலும் குறைவாகவே பேசுவார். லேபில் உட்கார்ந்து ஒருநாளும் நான் பார்த்ததில்லை. நின்றபடி அறிக்கையை வாங்கி, கடைசி வரியிலிருந்து மேலே வாசித்துக்கொண்டு போவார். முடிவை முதலில் தெரிந்துகொண்டு, அதற்கு ஆதாரம் மேலே இருக்கிறதா என்று பார்ப்பார். சத்தம் போடவே மாட்டார். சாதாரணமாக எங்களை நீ என்று கூப்பிடுகிறவர் கோபம் வந்தால் நீங்க என்பார். அந்த மரியாதைக்கு மில்லே நடுங்கும்.

எனக்கு ஒருமுறை அந்த மரியாதை கிடைத்தது. டெஸ்டரைத் தொட ஆரம்பித்த புதிதில், தகடுகளுக்கு நடுவே கொஞ்சம் பஞ்சுப் பிசிறு சிக்கியிருந்ததைக் கவனிக்காமல் ஜீரோ வைத்துவிட்டேன். அன்றைய ரீடிங் எல்லாம் பொய். என் அறிக்கையை நம்பி மூன்று மெஷின்களை அரை ஷிப்டு நிறுத்தி, இல்லாத கோளாறைத் தேடினார்கள். மாஸ்டர் வந்தார், தகடுகளுக்கு இடையே டார்ச் அடித்தார், பிசிறை இடுக்கியால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"காலியா இருந்ததுன்னு எழுதியிருக்கீங்க. பாத்துட்டுத்தான் எழுதுனீங்களா?"

அதற்குப் பிறகு நான் பிரஷ் போடாமல், டார்ச் அடிக்காமல் ஜீரோ வைத்ததில்லை.

மாஸ்டருக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. லேப் அறிக்கை உறையில் போட்டு நேரே அவர் கைக்குப் போகும். மெஷின் ஓட்டுகிறவரிடம் லேப் ஆட்கள் எதையும் விசாரிக்கக் கூடாது. "நூல்கிட்ட கேளு. ஆள்கிட்ட கேட்டா, அவன் தன்னைக் காப்பாத்தத்தான் பார்ப்பான்" என்பார். செட்டியார்பட்டியிலிருந்து வந்து, நூல் நூற்கும் ரிங் பிரேமை ஓட்டும் தொழிலாளி ஒருவர் ஒருநாள் லேப் வாசலில் வந்து நின்றார்.

"சார், அந்தப் பெட்டியில என்ன பாக்கிய? நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டா எந்த ஸ்பிண்டில் வம்பு பண்ணுதுன்னு நான் சொல்லிருவேனே."

நாங்கள் சிரித்தோம். சொல்ல வேண்டியதை மேஸ்திரியிடம் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டோம். அறிவியல் முறையென்று அன்றைக்கு நாங்கள் நினைத்தது அதைத்தான்.

எண்பதுகளின் கடைசியில் மில்லுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கண்ணாடி அறை, ஏசி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். இயற்பியல் படித்தவன் என்பதால் அதன் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. அந்தச் செய்தி பஸ்ஸில் பரவி ஜெயசீலி டீச்சர் காதுக்கு எட்டியது.

என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்துக்குத் தினமும் பஸ். ஜெயசீலி அதற்கு நேர் எதிர்: வீடு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். என் வயதுதான் இருக்கும். கணவர் ராணுவத்தில், எல்லைப் பக்கம் எங்கோ. காலையில் நான் இறங்கும் பஸ் திரும்பிப் போகும்போது அதில் அவர் ஏறுவார். அப்படிப் பழக்கம். மதுரையில் ஒரு பேராசிரியரிடம் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, இரண்டு முறை காலநீட்டிப்பும் வாங்கியிருந்தார். மூன்றாவது நீட்டிப்பு கிடையாது. அடுத்த வருடத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகும், ஏழு வருட உழைப்பு வீணாகும்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை அந்த மெஷின் சும்மாதான கெடக்கு?"

"எதுக்கு டீச்சர்?"

"பிரபஞ்சத்தை ஓட்டிப் பாக்கணும்."

மாஸ்டரிடம் கேட்டேன். "கேட்ல எழுதிட்டு உள்ள விடு" என்றார். கேட்டில் இருந்த வாட்ச்மேன், ஜெயசீலி கொண்டுவந்த பிளாப்பி டிஸ்க்குகளைச் சரக்குப் பதிவேட்டில் 'கறுப்பு அட்டை இரண்டு' என்று எழுதிக்கொண்டார். ஜெயசீலி திரும்பிப் போகும்போது அவற்றைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்ப்பார்.

"காலைல உள்ள போனப்ப இருந்த மாதிரியேதான இருக்கு. அம்புட்டு நேரம் இதுல என்னத்தம்மா ஏத்துனிய?"

"கனம் இல்லாததைத்தான் அண்ணே" என்பார் ஜெயசீலி.

முதல் ஞாயிறு, கோயில் ஆராதனை முடிந்து நேரே வந்தவர், தன் ஆய்வைப் பற்றிச் சொன்னார். தொடக்கத்தில் பிரபஞ்சத்தில் பொருள் ஏறக்குறைய ஒரே சீராகப் பரவிக் கிடந்தது. அங்கங்கே துளி ஏற்றத்தாழ்வு, அவ்வளவுதான். சற்றே தடித்த இடம் ஈர்ப்பால் பக்கத்தில் இருப்பதை இழுக்கும், இழுக்க இழுக்க மேலும் தடிக்கும். மெலிந்த இடம் மேலும் மெலியும். அப்படித் தடித்தவைதான் இன்றைய விண்மீன் மண்டலங்களும் அவற்றின் கூட்டங்களும். ஆனால் இது நடக்கும்போதே வெளி விரிந்துகொண்டும் இருக்கிறது. ஈர்ப்பு சேர்க்கப் பார்க்கிறது, விரிவு பிரிக்கப் பார்க்கிறது.

"எங்க டிரா பிரேம் மாதிரி. பஞ்சை இழுத்து நீட்டிக்கிட்டே போகும், தடிப்பும் மெலிவும் நடுவுல வரும்" என்றேன்.

"உங்க டிரா பிரேம்ல தடிச்ச இடம் பக்கத்துப் பஞ்சைத் திங்காதே அண்ணாச்சி."

பிறகு ஒரு வரைபடத்தை விரித்தார். எவ்வளவு தூர அளவில் எவ்வளவு ஏற்றத்தாழ்வு என்று காட்டும் வளைகோடு. எங்கள் டெஸ்டர் போடும் ஸ்பெக்ட்ரோகிராம் அச்சு அசலாக அதே வகை: எந்த நீளத்தில் தடிப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்று அது காட்டும். எந்த ரோலர் கெட்டிருக்கிறது என்று நாங்கள் சொல்வது அதை வைத்துத்தான். படித்த படிப்புக்கும் பார்த்த வேலைக்கும் முதன்முறையாக ஒரு தொடர்பு கிடைத்த நாள் அது.

சனிக்கிழமை மாலை ஆபீஸ் அடைத்ததும் நான் புரோகிராமை ஓட விடுவேன், ஞாயிறு அவர் வந்து பார்ப்பார். ஒரு பெட்டிக்குள் பொருளுக்குப் பதிலாகச் சில நூறு புள்ளிகள், ஒன்றை ஒன்று இழுக்கும், பெட்டி விரியும். திங்கள் காலை ஷிப்டுக்கு முன் முடிந்தால் அதிர்ஷ்டம். இப்படிப் பல மாதம். அவருடைய ஏட்டின் நான்கு இயல்கள் முடிந்தன. ஐந்தாவதில்தான் வந்தது வினை.

விரிவைச் சொல்லும் சமன்பாட்டில் ஒரு மாறிலி உண்டு. பல காலம் முன்பு சேர்க்கப்பட்டு, தேவையில்லை என்று கைவிடப்பட்டது. வெறும் வெளிக்கே ஒரு தள்ளுவிசை உண்டு என்று அதற்கு அர்த்தம். நாங்கள் படித்த காலத்தில் ஆசிரியர் அதை எழுதி, உடனே சுழி என்று போட்டு, அடித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விடுவார். ஐந்தாம் இயலின் ஓட்டங்களில் ஜெயசீலி அதற்கு ஒரு மதிப்புக் கொடுத்திருந்தார். விளைவு விசித்திரமாக இருந்தது. முதலில் பொருள் திரண்ட கட்டிகள் ஒழுங்காக வளர்ந்தன. பொருள் பரவி நீர்த்துப்போன பிறகு, நீர்த்துப்போகாத அந்தத் தள்ளுவிசை கை ஓங்கியது. ஏற்கெனவே இறுகிய கட்டிகள் அப்படியே நின்றன. பெரிய கூட்டங்கள் மேலும் சேர்வது நின்றுவிட்டது. இன்று நாம் காணும் அமைப்புகள் நாம் நினைத்ததைவிட முன்னாலேயே உருவாகி, பிறகு வளர்ச்சி ஓய்ந்தவை என்பது அவர் முடிவு.

மதுரைப் பேராசிரியர் நல்லவர், பயந்தவர். கம்ப்யூட்டர் பழக்கமில்லை. கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, மெஷினுக்குப் பொறுப்பானவர் புரோகிராமைச் சோதித்து ஒரு சான்று கொடுத்தால் ஐந்தாம் இயலை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். பொறுப்பானவன் நான்.

அந்தச் சான்றுக்கு நான் பட்ட பாட்டைப் பெருமையாகவே நினைத்திருந்தேன். புரோகிராமை வரிவரியாகப் படித்தேன். இரண்டு புள்ளிகளை மட்டும் விட்டு, காகிதத்தில் கணக்குப் போட்டு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. ஒரே ஓட்டத்தை இரண்டு முறை ஓட்டினேன். ஒரே விடை. பிறகு, மில் பழக்கத்தில், காலிச் சோதனை செய்தேன். எல்லாப் புள்ளிகளின் நிறையையும் எடுத்துவிட்டேன். இழுக்கப் பொருளே இல்லையென்றால் விரியும் வேகம் மாறாமல் இருக்க வேண்டும். மாறியது. கூடிக்கொண்டே போனது.

பெட்டி காலி. ரீடிங் வருகிறது.

அந்த வரியைக் கண்டுபிடித்தேன். மாறிலிக்கு எதிரே தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை கவனமாக அடித்த ஓர் எண். தவறி விழுந்த எண்ணை யாரும் மூன்று இலக்கம் அடிப்பதில்லை. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் அதைச் சுழியாக்கினேன், மறுபடி ஓட்டினேன். கட்டிகள் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் வளர்ந்துகொண்டே போயின. எனக்கு நிம்மதியாக இருந்தது. டார்ச் அடித்துப் பிசிறை எடுத்துவிட்டதாக நினைத்தேன்.

மில் அறிக்கை நடையிலேயே எழுதினேன். கடைசிப் பத்தி இது: "பொருள் இல்லாத நிலையிலும் புரோகிராம் முடுக்கம் காட்டுகிறது. சுழி சரிசெய்யப்படவில்லை. மேற்படி எண்ணைச் சுழியாக்கி மறுபடி ஓட்டிய முடிவுகளே ஏற்கத்தக்கவை." உறையில் போட்டு ஒட்டி, ஜெயசீலி கையில் கொடுக்காமல், நேரே மதுரைக்குத் தபாலில் அனுப்பினேன். சோதிக்கப்படுகிறவர் வழியாக அறிக்கை போகக் கூடாது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஆளிடம் கேட்கக் கூடாது.

நகலை மாஸ்டரிடம் காட்டினேன். நின்றபடி, கீழிருந்து மேலாக வாசித்தார்.

"சுத்தமா எழுதியிருக்க" என்றார். அத்தனை வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த வாரம் பஸ் நிலையத்தில் ஜெயசீலி நின்றுகொண்டிருந்தார். நான் இறங்கினேன். அவர் ஏறவில்லை.

"நீங்க அனுப்புன கவர் சாருக்குக் கிடைச்சுது அண்ணாச்சி. எனக்கு வாசிச்சுக் காட்டுனாவ."

"உங்க கைல குடுக்கக் கூடாது டீச்சர். அதுதான் நடைமுறை."

"ஆமா. நடைமுறை."

"இன்னும் மூணு ஞாயிறு இருக்கே. திருத்திட்டு ஓட்டிரலாம். நான் சேத்தூர்ல ஒரு விசேசத்துக்குப் போகணும், அதைக்கூட விட்டுட்டு வாரேன்."

"வேண்டாம். அந்த இயலையே எடுத்துரச் சொல்லிட்டாவ. மிச்சம் போதுமாம்." பஸ் நகரத் தொடங்கியிருந்தது. படியில் கால் வைத்தவர் திரும்பி, "பொறவு பாப்போம் அண்ணாச்சி" என்றார்.

ஏட்டைக் கெடுவுக்குள் கொடுத்தார். பட்டம் கிடைத்தது. லட்டு கொண்டுவந்து கொடுத்தார், வாட்ச்மேனுக்கும் சேர்த்து. கண்ணாடி அறைப் பக்கம் பிறகு வரவில்லை. பஸ் நிலையத்தில் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசுவோம், பஸ் தாமதத்தைப் பற்றிப் பேசுவோம். அப்படி எட்டு ஒன்பது வருடம் போனது. நான் அந்த அறிக்கையை மறக்கவில்லை. நல்ல அறிக்கையென்று நினைவு வைத்திருந்தேன். லேபுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அதை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மதியம், லேபில் டிபன் பாக்ஸுக்கு அடியில் விரித்த ஆங்கிலச் செய்தித்தாளில் அறிவியல் பக்கம் கிடந்தது. மிகத் தொலைவில் வெடித்த விண்மீன்களின் ஒளியை இரண்டு குழுக்கள் அளந்திருக்கின்றன. ஒளி எதிர்பார்த்ததைவிட மங்கல். விரிவு குறையவில்லை, கூடிக்கொண்டு போகிறது. வெறும் வெளிக்கே ஒரு தள்ளுவிசை இருக்கலாம். பெரிய அமைப்புகளின் வளர்ச்சி ஓய்ந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். கரும் ஆற்றல் என்ற பெயர் அதற்குக் கொஞ்சம் பின்னால் பழக்கத்துக்கு வந்தது. தாளில் குழம்பு சிந்திய இடத்தைத் துடைத்துத் துடைத்து மூன்று முறை வாசித்தேன்.

அந்த இயல் இருந்திருந்தால் உலகம் மாறியிருக்காது. சில நூறு புள்ளிகளை வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டியதை யாரும் ஆதாரமாகக் கொள்ள மாட்டார்கள். அந்த மாறிலியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அப்போதே வெளிநாடுகளில் சிலர் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதும் பிறகு தெரிந்தது. மதுரையில் ஒரு நூலகத்தில் தூசி படிந்து கிடந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அது அவருடையதாகக் கிடந்திருக்கும்.

அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். கல்லூரியில் துறை அறையில் தனியாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். காது ஓரத்தில் நரைத்திருந்தது. செய்தித்தாளை மேசையில் வைத்தேன்.

"பாத்துட்டேன் அண்ணாச்சி. ரேடியோவுலயும் சொன்னாங்க. உக்காருங்க."

நான் எழுதியது தவறு என்றேன். பேராசிரியருக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்பட்டுமா என்று கேட்டேன். அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது என்றார். பிறகு எழுந்து, அலமாரியிலிருந்து தன் ஆய்வேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். கறுப்பு அட்டை, பொன் எழுத்து. முகப்பில் நன்றி சொன்ன பக்கத்தில் என் பெயர் இருந்தது. லட்டு கொடுத்த அன்று காட்டிய அந்தப் பக்கத்தைத் தாண்டி நான் ஒருநாளும் புரட்டியதில்லை. அன்று புரட்டினேன். முதல் இயல், இரண்டாம் இயல், மூன்றாம் இயல், நான்காம் இயல். அடுத்த பக்கத்தில் ஆறாம் இயல்.

பொருளடக்கத்தைப் பார்த்தேன். அங்கேயும் நான்குக்கு அடுத்து ஆறு.

"டைப் பண்ணவங்க விட்டுட்டாங்களா?"

"இல்ல. நான்தான் நம்பர் மாத்தல."

"எக்ஸாமினர் கேக்கலையா?"

"மூணு பேர் கையெழுத்துப் போட்டாவ. வைவாவுல மார்ஜின் அளவு சரியில்லன்னு செத்த நேரம் பேசுனாவ. அஞ்சு எங்கன்னு ஒருத்தரும் கேக்கல."

நான் ஏட்டை மூடி வைத்தேன். வெளியே மணி அடித்து, பிள்ளைகள் வராந்தாவில் கூட்டமாகப் போனார்கள்.

"டீச்சர், அந்த இடத்துல ஏன் ஜீரோ போடாம அந்த எண்ணை வச்சீங்க?"

ஜெயசீலி சிவப்புப் பேனாவுக்கு மூடி போட்டார்.

"எல்லாரும் ஜீரோ போடுதாவ. யாரு அளந்து பாத்தான்னு தேடுனேன் அண்ணாச்சி. ஒருத்தரும் அளக்கல. சும்மா போட்டுக்கிட்டு வந்திருக்காவ. ஜீரோன்னு போடணும்னாலும் ஒரு காரணம் வேணும்ல? எனக்கு அது கிடைக்கல. சரி, இருந்தா என்ன ஆகும்னு பாப்போம்னு வச்சேன்."

சொல்லி முடிக்க அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.